முதிரை என்று நான் சொன்ன தென்னை

என் ஆசை வாப்பாவுக்கு, உங்கள் மூத்த மகளின் ஸலாம்.

கூரை இன்னும் நிற்கிறது. நீங்கள் முதலில் அதைத்தான் கேட்பீர்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டில் கறையான் நிலைக்கதவைத் தின்றுவிட்டு அலுமாரிக்குள் போயிருக்கிறது. நம் கூரை மரத்தில் ஒரு துளைகூட இல்லை.

யுத்தம் முடிந்ததும், மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட நம் ஆட்கள் பலர் ஊருக்குத் திரும்பினார்கள். நீங்கள் என் சீதன வீட்டுக்காகக் கற்பிட்டியிலேயே நின்றுவிட்டீர்கள். மாப்பிள்ளை வீட்டார் கறையான் தொடாத முதிரை மரத்தில் கூரை கேட்டார்கள். உங்களால் முடிந்தது தென்னை. "முதிரைதான் மாமி" என்று கூசாமல் சொன்னவள் நான். நீங்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

தென்னையைக் கறையான் விட்டுவைக்காதே. வண்ணாத்திவில்லு முந்திரித் தோட்டங்களிலிருந்து கஜுக்கொட்டை ஓடுகளைச் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்தீர்கள். அடியில் ஓட்டை போட்ட பானையில் அதைச் சுட்டு, வடிந்த எண்ணெயை வேப்பெண்ணெயோடு கலந்து மூன்று தரம் பூசினீர்கள். பிரஷ் எட்டாத இடுக்குகளில் வெறுங்கையால் தேய்த்தீர்கள். அந்த எண்ணெய் கறையானை மட்டுமா எரிக்கும்? கை கொப்பளித்துத் தோல் உரிந்து கறுத்தது. மரமும் கறுத்துப்போனதால் என் பொய் பிடிபடவில்லை.

ஆனால் மாமி கையைக் கண்டுவிட்டார்.

"வாப்பாட கைக்கு என்ன புள்ள?"

எண்ணெய் என்று சொன்னால் மரம் தெரிந்துவிடும். முதிரைக்கு யார் எண்ணெய் பூசுவார்கள்?

"அது ஒரு தோல் வருத்தம் மாமி. கனகாலமா ஈக்கி" என்றேன்.

நிக்காஹ் அன்று மாப்பிள்ளையின் கையைப் பிடித்து என்னைக் கொடுக்க வேண்டியவர் நீங்கள். உங்கள் தம்பியைக் காட்டி, "சாச்சா புடிக்கட்டும் வாப்பா. நீங்க உள்ளுக்கு இரிங்க" என்றேன். "ஓம் மகள், அதுவும் சரிதான்" என்று சட்டைக் கையை விரல்வரை இழுத்துவிட்டீர்கள். ஏன் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை?

அந்தத் தோல் வருத்தக் கதை ஊரெல்லாம் போனது. பள்ளிவாசலில் ஸலாம் சொன்னவர்கள் கை நீட்டவில்லை. விருந்துகளில் ஆறு பேர் ஒரே சஹன் தட்டைச் சுற்றியிருந்து கையிட்டுச் சாப்பிடும்போது உங்களுக்கு மட்டும் மூலையில் தனிப் பீங்கான். புண் ஆறிவரும். ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னால், மாமி இல்லாத நாள் பார்த்து வந்து மறுபடி பூசுவீர்கள், மறுபடி கொப்பளிக்கும். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "சுறுக்கா முடிங்க வாப்பா, மாமி வந்துருவா" என்பேன். நோகிறதா என்று ஒருநாளும் கேட்கவில்லை.

நீங்கள் மௌத்தான அன்று குளிப்பாட்ட வந்தவர்கள் கையுறை கேட்டார்கள். கடைக்கு ஆள் அனுப்பி வாங்கிக்கொடுத்ததும் நான்தான்.

போன கிழமை ஓடு மாற்ற வந்த மரவேலை பாஸ் மேலே ஏறி மரத்தைச் சுரண்டிப் பார்த்தார். கீழே மாமி நின்றிருந்தார்.

"இது முதிரை இல்ல, தென்னை. கஜுக்கொட்டை எண்ணெய் பூசி ஈக்கி. பூசின மனிசன்ட கை வெந்து போயிருக்குமே! ஆரு அது?"

மாமி என் முகத்தைப் பார்த்தார். "ஆரு புள்ள?"

"ஆரோ கூலிக்கு வந்த ஆள் மாமி."

மரம் பிடிபட்டுவிட்டது. இனி மறைக்க ஒன்றுமே இல்லை. அப்போதும் என் வாயில் அதுதான் வந்தது, வாப்பா. உங்களை நான் இரண்டாம் முறையாகப் புதைத்தேன், இம்முறை குளிப்பாட்டாமலே.

கூரையின் பின்பக்கத்துக்குப் புதிதாக இரண்டு தென்னஞ் சட்டம் போட்டிருக்கிறோம். கஜு ஓடு வந்து முற்றத்தில் கிடக்கிறது. அடுத்த மாதம் உங்கள் வருடக் கத்தம் ஓதிச் சாப்பாடு கொடுக்கிறோம், ஊரே வரும். அதற்கு முன்னால், போவோர் வருவோர் பார்க்க, அந்த எண்ணெயை வெறுங்கையால் பூசுவேன். கத்தத்தன்று மாமியின் சஹனில் உட்கார்ந்து அந்தக் கையைச் சோற்றில் வைப்பேன். கைக்கு என்ன என்று சஹனில் யாராவது கேட்பார்கள். வாப்பாவுக்கு வந்த அதே வருத்தம் என்பேன். அது எதனால் வந்தது, அதை மறைத்தவள் யார் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் எழும்புவேன். பிறகு எனக்கும் மூலையில் ஒரு பீங்கான் வைக்கட்டும்.

உங்களைக் கூலிக்காரன் என்று சொன்ன,
உங்கள் மூத்த மகள்