கடைசிப் பாகத்தில் மிச்சமிருக்கும் பதினொரு நிமிடம்

என் ஆசை மதினி யோகேஸ்வரிக்கு,

என்னைவிட ஒரு வயது இளையவள் நீ. ஹல்துமுல்லைப் பக்கத்திலிருந்து என் அண்ணனைக் கட்டிக்கொண்டு தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்ததால் எனக்கு மதினியானாய். வெளியாட்கள் முன்னால் உன்னை "வாங்க, போங்க" என்பேன். அறைக்குள் வந்துவிட்டால் "வா, போ"தான். இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன், ஊரே படிக்கப்போகிறது. இருந்தாலும் நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

முதலில் உனக்குப் பிடித்த சேதி. நம்முடைய கூப்பாட்டுப் படம் இரண்டாவது சீசன் வந்துவிட்டதாம். பதுளை டவுனில் நாம் போனுக்கு ரீலோட் போடும் கடைக்காரர் சொன்னார். "இறக்கித் தரவா தங்கச்சி?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, போனுக்கு வாங்க நினைத்த கவரைக்கூட வாங்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

கூப்பாட்டுப் படம் என்று பெயர் வைத்தது அம்மா. படிக்கிறவர்களுக்குப் புரியட்டும் என்று சொல்கிறேன், அது ஜப்பான்காரர்கள் வரைந்த அனிமே தொடர். அதில் மந்திரவாதிகள் சாம்பலில் வட்டம் போட்டு, எப்போதோ செத்துப்போன வீரர்களைப் போருக்குக் கூப்பிடுவார்கள். வந்த வீரர் தன்னைக் கூப்பிட்டவருக்கு விழவேண்டிய அடியையெல்லாம் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு சண்டை போடவேண்டும். ஜெயித்த பிறகு அந்த மந்திரவாதி சபையில் எழுந்து, "ஜெயித்தது நானில்லை, இன்னார்" என்று சொன்னால் வீரரின் பெயரைக் கல்லில் வெட்டுவார்கள். சொன்னவருக்கோ அன்றோடு மந்திரமெல்லாம் போய்விடும். சொல்லாமல் இருந்துவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை.

கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் மெமரி கார்டில் போட்டு அனுப்புவான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு, பால்மா டின்னில் போனைச் சாய்த்துவைத்து உட்காருவோம். கீழே ஓடுகிற இங்கிலீஷை நான் படித்துப் படித்துச் சொல்லவேண்டும். எனக்குத் தொண்டை கட்டிவிடும், உனக்கு வாய் ஓயாது.

"இந்தச் சின்ன மேடு ஏறுறதுக்கா இவளுக இப்படி மூச்சு வாங்குறாளுக? முதுகுல கூடைகூட இல்ல. நம்ம ஏழாம் நம்பர் மலைக்கு வரச்சொல்லுடி" என்பாய்.

ஈட்டி பிடித்த வெள்ளைச் சடைக்காரி உன் ஆள். அவளைக் கூப்பிட்ட கிராப்பு வைத்த மந்திரக்காரியைக் கண்டாலே உனக்கு ஆகாது. "இவ பாட்டுக்குக் கூப்பிட்டுட்டு பின்னால போய் நின்னுக்குறா. அடி வாங்குறதெல்லாம் அந்தப் புள்ள" என்று போனைப் பார்த்தே திட்டுவாய். ஆனால் கடைசியில் கிராப்புக்காரி சபையில் உண்மையைச் சொல்வாளா மாட்டாளா என்று பந்தயம் கட்டியபோது, சொல்வாள் என்று நின்றவளும் நீதான். நான் மாட்டாள் என்றேன். என் புத்தி எனக்குத் தெரியாதா?

கடைசிப் பாகம் ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் வந்து சேர்ந்தது. ஞாயிறுவரை பொறுப்போம் என்றாய். எனக்குப் பொறுக்கவில்லை. உனக்கு முன்னால் பார்த்துவிட்டு உன்னைச் சீண்டவேண்டும் என்ற அரிப்பு. சனிக்கிழமை காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தேன்.

இதையும் படிக்கிறவர்களுக்குச் சொல்லவேண்டும். தோட்டத்தில் பெயர் பதிந்த தொழிலாளி, பதிவுக்காரி, நான். கல்யாணமாகி வந்த உனக்குப் பதிவு கொடுக்கவில்லை. பதிவுக்காரி வரமுடியாத நாளில் வீட்டிலிருந்து இன்னொருத்தி போய், காலைப் பெரட்டில் கங்காணி பெயர் கூப்பிடும்போது அவளுக்காகக் கையைத் தூக்குவது எங்களிடம் உள்ள பழக்கம். மலையில் ஆள் குறையாமல் இருந்தால் கங்காணிக்குப் போதும். செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பதிவுக்காரியின் பெயர் விழும்.

"என்னடி, மாசம் ரெண்டு தடவையா வருது உனக்கு வயித்து வலி?" என்று சிரித்தாய். கொழுந்தெடுக்கும்போது நான் கட்டும் படங்குச் சாக்கை எடுத்து உன் இடுப்பில் கட்டினாய். "அடுப்புல கசாயம் இருக்கு, குடிச்சிட்டுப் படு. இன்னைக்கு நாந்தான் புஷ்பலதா" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

நீ படி இறங்கியதும் எழுந்து உட்கார்ந்து போனை எடுத்தேன். முந்தின பாகங்களை மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டுக் கடைசிப் பாகத்துக்கு வந்தேன். கசாயத்தைக் குடிக்கவில்லை. இதை யாரிடமும் நான் சொன்னதில்லை மதினி.

ஏழாம் நம்பர் மலையில் குளவி கலைந்தது. எல்லாரும் ஓடியிருக்கிறார்கள். சரிவில் கால் வழுக்கி நீ விழுந்துவிட்டாய், குளவிகள் உன்னை மொய்த்துவிட்டன. லொறி கொழுந்தை ஏற்றிக்கொண்டு பெக்டரிக்குப் போயிருந்தது. அது திரும்பி வந்து உன்னை ஏற்றி, பதுளைக்குப் பாதி வழி போவதற்குள் நீ போய்விட்டாய்.

இங்கே என் போனில் கிராப்புக்காரி சபைக்கு வந்து நிற்கிறாள். எல்லாரும் அவள் வாயையே பார்க்கிறார்கள். அந்த நேரம் மேல் லயத்து மாரியக்கா ஓடிவந்து எங்கள் வாசலில் விழுந்தார். "ஐயோ, ஒங்க புஷ்பலதா போயிட்டாளே!" செக்ரோலைப் பார்த்து ஆபீஸில் சொன்ன பெயர் அது. விடியலில் விறகுக்குப் போய்த் திரும்பி, நான் உள்ளே இருப்பது தெரியாமல் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா அலறினாள். நான் போனும் கையுமாகக் கதவைத் திறந்துகொண்டு வந்தேன். அம்மாவின் முகத்தில் சட்டென்று ஒரு சந்தோஷம் வந்துபோனதைப் பார்த்தேன். அதன் பிறகுதான், "அப்ப போனது யாரு?" என்று கேட்டாள்.

கங்காணி மத்தியானமே வந்துவிட்டார். உன்னை இன்னும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

"பாப்பா, நடந்தது நடந்துபோச்சு. மதினி ஒனக்குச் சோறு கொண்டாந்துச்சு, வந்த எடத்துல குளவி கொட்டிருச்சுன்னு சொல்லிரு. ஒன் பேரும் நிக்கும், என் வேலையும் நிக்கும். போனவ திரும்பியா வரப்போறா?"

அம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். நான் ஆபீஸுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். உன் சாவுக் காகிதத்தோடு என் கையெழுத்தும் சேர்ந்திருக்கிறது. அந்தக் காகிதத்தின்படி அன்று மலையில் வேலை செய்தவள் நான். நீ சும்மா வந்தவள். ஆபீஸிலிருந்து ஒரு மலர்வளையம் அனுப்பினார்கள். வேலைக்கே வராதவளுக்கு இதுவே அதிகம் என்று கிளாக்கர் சொன்னது என் காதுவரை வந்தது. வந்து என்ன? நான் அழுதுகொண்டிருந்தேன். அழுகிறவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை, அது எவ்வளவு வசதி தெரியுமா?

அண்ணன் வந்ததும் முதலில் என்னைத்தான் கட்டிக்கொண்டான். "நீயாவது தப்பிச்சியேம்மா" என்றான்.

இப்போதும் தினமும் பெரட்டுக்குப் போகிறேன். கங்காணி "புஷ்பலதா" என்று கூப்பிட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார். கையைத் தூக்குகிறேன். உன்னோடு அன்று மலையில் நின்ற அத்தனை பேரும் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். எல்லாருக்கும் தெரியும். இத்தனை காலமும் எதற்கெடுத்தாலும் வாய் திறந்து சண்டை போட்ட தோட்டம், உன் விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக வாயை மூடிக்கொண்டிருக்கிறது. அவர்களைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? முதலில் மூடியது என் வாய்தானே.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் முதலாம் வருஷத் திவசம். அண்ணன் சனிக்கிழமை ரயிலில் வருகிறான். முந்தாநாள் போனில் பேசியபோது ஒன்று கேட்டான்.

"அவ பாக்காம விட்டுட்டுப்போன கடைசிப் பாகம் ஒன்கிட்ட இருக்குல்ல? படைச்சு முடிச்சதும் அதை நான் பாக்கணும். நீ அவளுக்குப் படிச்சுச் சொன்ன மாதிரியே எனக்கும் படிச்சுச் சொல்லு."

அதில் இன்னும் பதினொரு நிமிடம் மிச்சமிருக்கிறது மதினி. மாரியக்கா ஓடிவந்தபோது நின்ற இடத்திலேயே நிற்கிறது. இந்த ஒரு வருஷத்தில் எத்தனையோ முறை போனைக் கையில் எடுத்திருக்கிறேன், விரல் போகவில்லை. கிராப்புக்காரி சொல்லியிருந்தால் அவள் முகத்தில் எப்படி முழிப்பேன்? சொல்லாமல் விட்டிருந்தால், என் ஜாதி என்று அவளைக் கட்டிக்கொண்டு அழுவேனா?

அண்ணன் என்னை வீட்டைவிட்டுப் போகச் சொல்லலாம். கங்காணி வீட்டுச் சனம் என் முகத்தில் துப்பலாம். செக்ரோலிலிருந்து என் பெயரை வெட்டலாம், வெட்டட்டும். பயமாகத்தான் இருக்கிறது. பயமில்லை என்று உன்னிடம் வேறு பொய் சொல்லவேண்டுமா? உன்னிடம் சொன்ன ஒரு பொய்யே போதும்.

ஞாயிற்றுக்கிழமை பால்மா டின்னில் போனைச் சாய்த்துவைப்பேன். படத்தைத் தொடங்குவதற்கு முன்னால், என் வயிறு வலிக்கவேயில்லை என்று அண்ணனிடம் சொல்வேன். திங்கட்கிழமை பெரட்டில் என் பெயரைக் கூப்பிடும்போது கையைத் தூக்கமாட்டேன். அன்றைக்கு மலையில் நின்றது யோகேஸ்வரி, வேலை செய்தபோது செத்தது யோகேஸ்வரி என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, ஆபீஸுக்குப் போய் அதையே எழுதிக் கையெழுத்துப் போடுவேன். இந்தக் கடிதம் அச்சாகி வரும்போது இரண்டும் முடிந்திருக்கும்.

பந்தயத்தில் நீ ஜெயித்தாயா என்று எனக்கு இன்னும் தெரியாது. அவள் சொன்னாளோ இல்லையோ, நான் சொல்கிறேன் மதினி.

இப்படிக்கு,
அன்றைக்கு வயிறு வலிக்காத
உன் நாத்தனார், புஷ்பலதா