பூக்கடை மேல் நடந்த யானை

மைசூர்,
18-5-1953

என்னைவிட இருபத்திரண்டு நாள் மூத்தவனாகிய செலுவநாராயணனுக்கு, பராசரன் தெண்டம் சமர்ப்பித்து எழுதிக்கொண்டது. நான் இங்கே சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது எவ்வளவு தூரம் உண்மை என்பதைக் கடைசி வரை படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள்.

முதலில் ராஜ்யச் செய்தி. இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் அக்ரகாரத்து முனைக் குழாய்க்கு நகரசபையார் புதுத் திருகு போட்டுவிட்டார்கள். சென்ற புதன்கிழமை காலை ஆறே கால் மணிக்கு, ஒரு குடமும் இரண்டு எருமைகளும் முன்னிலை வகிக்க, நானே திறந்து வைத்தேன். இனி குழாய்க்கு மூக்கு ஒழுகாது. ரங்கம்மா மாமிக்கு வாய் ஒழுகுவதை நிறுத்தத்தான் நகரசபையிடம் திருகு இல்லையாம்.

உன் கடிதம் வந்தது. கொள்ளேகாலில் உன் தாய்மாமா சேர்த்துவிட்ட பட்டு நூல் கிடங்கில் குமாஸ்தா வேலை பழகிவிட்டது என்றும், கூட வேலை செய்யும் சென்னிமலை உன் தமிழைக் கேட்டு, "ஏனுங்க, இது எந்தூருத் தமிழுங்க?" என்று சிரிக்கிறார் என்றும் எழுதியிருந்தாய். படித்து நானும் சிரித்தேன். கடைசியில், "கேமராப் பைத்தியம் தெளிந்துவிட்டது" என்று ஒரு வரி. அங்கே சிரிப்பு நின்றுவிட்டது. மறுபடி மறுபடி படித்துப் பார்த்தேன். அது உன் கையெழுத்துதான், ஆனால் உன் அப்பா பேசுவது போலவே இருந்தது.

இங்கே என் கீர்த்தி இன்னும் குறையவில்லை. தசராவன்று ஜம்பூ சவாரி ஊர்வலத்தில் பட்டத்து யானை என் மூக்குக்கு ஒரு முழம் முன்னால் வந்தபோதும் அசையாமல் நின்று படம் பிடித்த வீரன் என்று, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஜட்காக்காரர்கள்கூட, எங்கே பயணம் என்று கன்னடத்தில், "ஏன் டைரக்டரே, எல்லிகே?" என்று கூப்பிடுகிறார்கள். முன்பெல்லாம் கூப்பிட்டால் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வேன். இப்போது சந்துக்குள் திரும்பிவிடுகிறேன்.

உங்கள் ஆத்துக் கூடத்தில் படம் போட்ட அந்தச் சாயங்காலம் உனக்கு மறந்திருக்காது. பம்பாய்ச் சித்தப்பா இரவல் கொடுத்த கேமராவில், மூன்று மாதம் வெயிலில் அலைந்து நீ எடுத்த மைசூர். படத்தைப் பார்த்துவிட்டுத்தான் பெங்களூருக்குக் கேமராப் படிப்புக்கு அனுப்புவதா இல்லையா என்று சொல்வேன் என்று உன் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மலைப்படிகள் நன்றாக வந்தன. குதிரை லாயம் நன்றாக வந்தது. அப்புறம் தேவராஜா மார்க்கெட் வந்தது. பூக்காரி கௌரம்மா மல்லிகை தொடுக்கிறாள். அவள் தலை மேல் யானை நடக்கிறது. சிப்பாய்கள் வெற்றிலைக் கட்டுகளுக்குள் புகுந்து சாமந்திக் கூடை வழியாக வெளியே வருகிறார்கள். உன் தங்கை ஸரஸா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. கடைசிச் சுருளைப் போட்டால் ஒன்றுமே இல்லை. வேஷ்டித் திரை முழுக்க ஒரே கறுப்பு.

பிடித்த சுருளிலேயே மறுபடி பிடித்திருக்கிறது என்று உனக்கு உடனே புரிந்துவிட்டது. "மார்க்கெட் டப்பாவுக்கு நாமம் போட மறந்துட்டேன் அப்பா, பராசரன் அதைப் புதுசுன்னு எடுத்துண்டு போயிட்டான், தப்பு என்னுது" என்றாய். "முடிச்ச வேலைக்கு ஒரு அடையாளம் போடத் துப்பில்லே, இவன் பெங்களூர் போய் என்ன கிழிக்கப்போறான்?" என்று உன் அப்பா எழுந்து போய்விட்டார். அடுத்த வாரமே உன்னைக் கொள்ளேகால் பஸ்ஸில் ஏற்றினார்கள். ஏற்றிவிட வந்தவர்களில் நானும் ஒருவன். வழிக்கு வாழைப்பழம்கூட வாங்கிக் கொடுத்தேன்.

செலுவா, நீ மறக்கவில்லை.

ஒரு சுருள் முடிந்தால் அதன் டப்பாவுக்குத் திருமண்ணால் பாதம் வைத்த தென்கலை நாமம் போடுவது உன் வழக்கம். நாமம் இருந்தால் முடிந்தது, இல்லாவிட்டால் புதுசு. ஜம்பூ சவாரிக்கு முந்தின நாள் உனக்குப் பொன்னுக்கு வீங்கிக் கன்னம் இரண்டும் பூசணியாக இருந்தது. நீ தூங்கிக்கொண்டிருந்தாய். பெட்டியில் நாமம் போட்ட டப்பா நான்கு, போடாதது ஒன்று. ஒரு விளையாட்டுத் தோன்றியது. நான்கிலும் பாதத்தை அழித்து வடகலையாக மாற்றினேன். விழித்துப் பார்த்தால், வீங்கின வாயோடு "அபசாரம், அபசாரம்!" என்று கத்துவாய் என்று நினைத்தேன். வரிசையில் ஒன்று மட்டும் மொட்டை நெற்றியோடு இருப்பானேன் என்று ஐந்தாவதற்கும் போட்டுவிட்டேன்.

நீ பெட்டியைத் திறக்கவே இல்லை. மறுநாள் உனக்குப் பதிலாக ஊர்வலத்தைப் படம் பிடிக்க நான் கிளம்பியபோது, "நாமம் இல்லாத டப்பாவை எடுத்துக்கோடா" என்று கையால் ஜாடை காட்டினாய். திறந்தால் ஐந்து வடகலையார் என்னைப் பார்க்கிறார்கள். அப்போதே சொல்லியிருந்தால் நாமத்தைப் பார்க்காமலே எது எது என்று நீ கண்டுபிடித்திருப்பாய். திட்டுவாயே என்று சொல்லவில்லை. ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்தேன், கனமாக இருந்தது, புதுசு கனமாகத்தானே இருக்கும் என்று எடுத்துக்கொண்டு ஓடினேன். இன்டர்மீடியட் பௌதிகத்தில் எனக்கு வந்த மார்க்குக்கு இது பொருத்தமான தர்க்கம். திரும்பி வந்து, உனக்குத் தெரியாமல் ஐந்தையும் துடைத்து ஒழுங்காகத் தென்கலை நாமம் போட்டு, பம்பாய்க்குக் கழுவ அனுப்பும் பார்சலில் வைத்துவிட்டேன். அன்றைக்குப் போட்டதுதான் உண்மையில் உனக்கு நான் போட்ட நாமம்.

யானை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு முழத்தில் அது வந்தது நிஜம். அப்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு பெருமாளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். விரல் மட்டும் விசையில் இருந்தது. படத்தில் யானை நேராக விழுந்தது யானையின் சாமர்த்தியம்.

இத்தனை மாதம் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்காதே. இன்று சொல்லலாம் என்று தினமும் எழுந்திருக்கிறேன். நீ என் மேல் கோபமே படாமல், "பாவம், உன் உழைப்பும் வீணாச்சு" என்று என்னைத் தேற்றினாயே, அதற்கு அப்புறம் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

பெங்களூருக்கு விண்ணப்பம் அனுப்ப ஜூன் பத்து கடைசி நாள் என்று பேப்பரில் போட்டிருக்கிறது. கத்தரித்து இதோடு வைத்திருக்கிறேன். மலைப்படியும் குதிரை லாயமும் பழுதில்லாமல் இருக்கின்றன. தப்பு உன் கையில் இல்லை என்று தெரிந்தால் உன் அப்பா மனசு மாறுவார். நீ வந்து என்னைக் குழாயடியில் வைத்து எல்லோர் முன்னாலும் அடி, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் குமாஸ்தாவாக இருந்துவிடாதேடா. பெருமாள் உன் கண்ணையும் கையையும் காப்பாற்றட்டும், என் விளையாட்டிலிருந்தும் சேர்த்து.

உன் அப்பாவுக்கும் எல்லாவற்றையும் தனியாக எழுதியிருக்கிறேன். கொடுக்க மூன்று முறை உங்கள் ஆத்து வாசல் வரை போனேன். "என்னடா?" என்றார். ஒரு தடவை மணி கேட்டேன், ஒரு தடவை பஞ்சாங்கம் கேட்டேன், மூன்றாம் தடவை ஒன்றும் கேட்காமல் ஓடிவந்துவிட்டேன். அந்தக் கடிதமும் இந்த உறைக்குள்ளேயே இருக்கிறது. தயவுசெய்து நீயே அதற்குத் தபால்தலை ஒட்டி அவருக்கு அனுப்பிவிடு. மூன்று தெரு தள்ளியிருப்பவருக்கு மதராஸ் ராஜ்யத்துக் கொள்ளேகால் வழியாகக் கடிதம் அனுப்புகிற வீரன்,

பராசரன்