அம்மா கூட்டித் தள்ளிய சருகு

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். போன கடிதங்களில் இதை வழக்கத்துக்காக எழுதினேன், இந்தத் தடவை நிஜமாகவே எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள், அங்கே குளிரும் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நீ போனதிலிருந்து அம்மா எப்படி இருந்தாள் என்று உனக்கு முழுசாகச் சொல்லவில்லை. ஜன்னலைக்கூடத் திறக்காமல் உன் அறையிலேயே உட்கார்ந்திருப்பாள், திடீரென்று எழுந்து பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்குவாள், சாப்பாடு பேருக்குத்தான். டாக்டர், உடம்பில் ஒன்றுமில்லை, வெளியே நாலு பேரோடு பழகட்டும் என்றார். பழகுவதாவது. எனக்கு உள்ளுக்குள் பயம்தான். அப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு பெண், எந்நேரமும் தொப்பியோடு திரிவதால் நான் தொப்பிக்காரி என்பேன், நம் ஜெராக்ஸ் கடைக்கு ஒரு நோட்டீஸோடு வந்தாள். விடுதிக்குப் பின்னால் மாணவர்களே காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறார்களாம், ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளியாட்களும் போய் வேலை செய்யலாம், சம்பளம் கிடையாது. அம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுப்பி வைத்தேன். முதல் நாளே என்ன செய்தாள் தெரியுமா, தரையில் ஒரு இலை கிடந்தால் உன் அம்மாவுக்குப் பொறுக்காதே, மற்றவர்கள் அந்தப் பக்கம் குழாய் பதித்துக்கொண்டிருந்த நேரத்தில் பாத்திகளில் கிடந்த சருகை எல்லாம் ஒன்றுவிடாமல் கூட்டி, மூட்டை கட்டி, குப்பை வண்டியிலும் ஏற்றிவிட்டாள். மண்ணில் ஈரம் காயாமலிருக்க அந்தப் பிள்ளைகள் மாதக்கணக்கில் சேர்த்துப் பரப்பிய சருகு அது. வந்து பார்த்தவர்கள் முகத்தில் ஈயாடவில்லையாம். அம்மா அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து, "இனிமே அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். இருந்த ஒரே வழியும் போச்சே என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் தொப்பிக்காரி வீட்டுக்கே வந்துவிட்டாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். என்னைக் கண்டுகொள்ளாமல் நேரே உள்ளே போய், "ஆன்ட்டி, அவ்வளவு சருகை நாங்க எல்லாரும் சேர்ந்தாலும் ஒரே காலையில அள்ள மாட்டோம். காலேஜ் முழுக்கக் கொட்டிக் கிடக்குது, கூட்டிக் கொளுத்திடறாங்க. அதுக்கு முன்னாடி நீங்க அள்ளிக் கொடுங்க. கெடுத்ததை நீங்களேதான் சரி பண்ணணும்" என்றாள். அந்தக் கடைசி வார்த்தைதான் வேலை செய்தது. ஆறுதல் சொல்லியிருந்தால் அம்மா அசைந்திருக்க மாட்டாள், ரோஷம் வந்துவிட்டது.

இப்போது நூலக வாசலிலிருந்து விளையாட்டு மைதானம் வரை அவள் ராஜ்யம். யாராவது தீப்பெட்டியை எடுத்தால் சாக்கோடு போய் எதிரே நிற்கிறாளாம். பாத்திகளைச் சருகால் மறுபடி மூடியாகிவிட்டது, தக்காளி பிழைத்துக்கொண்டது. அம்மாவுக்குப் பசி எடுக்கிறது, தூங்குகிறாள். வீட்டைப் பெருக்குவது மட்டும் என் தலையில் விழுந்துவிட்டது, நேற்று மூலையில் தூசியை விட்டுவிட்டேன் என்று ஒரு பாட்டம் திட்டினாள். அவள் திட்டிக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையையும் கவனித்துக்கொள். இரண்டு பேரும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ எங்கள் ஆசி. ஒன்றே ஒன்று மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை போனை இனிமேல் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொள். பழக்கத்தில் காலையிலேயே கூப்பிட்டு, நானும் கடைக்குப் போய்விட்டதால் மணி அடித்துக்கொண்டே இருந்தால் பதறாதே. அம்மா நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா