டேங்குக்கு அடியில் மலேயா

மொட்டை மாடியில் அடித்த வெள்ளைப் பூச்சின் நெடி சமையலறை வரைக்கும் இறங்கிவிட்டது. தண்ணீர் ஒழுகாமல் இருக்கப் பூசுவதாம். நீங்கள் போன பிறகு இரண்டு மழைக்காலம் படுக்கையறையில் வாளி வைத்துப் பார்த்தேன். போதும் என்று இன்று ஆள் வரவழைத்துவிட்டேன். உங்கள் பசிபிக் பெருங்கடல் இன்றோடு சரி.

மற்ற வீட்டு ஆண்கள் ஓய்வு பெற்றால் கோவிலுக்குப் போவார்கள், பேப்பர் படிப்பார்கள். நீங்கள் வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி, இரண்டாம் உலகப்போரின் பசிபிக் சண்டையைத் தரையில் படமாக வரைந்தீர்கள். ஜப்பான்காரன் முன்னேறியதற்குச் சிவப்பு அம்பு, அமெரிக்கக்காரன் திருப்பிப் பிடித்ததற்கு நீல அம்பு. குவாடல்கனால், சைப்பான், லெய்த்தே, ஒகினாவா என்று தரை முழுக்கத் தீவுகள். எங்கள் வலியசாலைத் தெருவில் சொந்த மாடியில் வடாம் பிழிய உத்தரவு கேட்டு நின்றவள் நான் ஒருத்திதான்.

"இவ்ளோ கடல் கெடக்கே, நோக்கு சைப்பான் மேலதான் விரிக்கணுமா?" என்பீர்கள். சாப்பிட உட்கார்ந்தால் மிட்வேயில் நாலு கப்பல் மூழ்கி முடிகிற வரைக்கும் ரசம் ஆறிக்கொண்டிருக்கும்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒன்றுதான். அத்தனை தீவும் வரைந்த மனுஷர் மலேயாவை மட்டும் வரையவில்லை. படத்தில் அது வரவேண்டிய மூலையில் தண்ணீர் டேங்க் நின்றது. ஹவாய்ப் பக்கம் இரண்டு முழம் சும்மாதானே கிடக்கிறது, எல்லாவற்றையும் கொஞ்சம் தள்ளி வரையுங்களேன் என்று எத்தனை தடவை சொன்னேன்!

"மலேயா பசிபிக் கணக்குல வராதுடி. அங்க டேங்க் வேற இருக்கோல்லியோ."

பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்த அதே நேரத்தில் மலேயாக் கரையிலும் ஜப்பான்காரன் இறங்கினான் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். யாரிடம் இந்தக் கதை?

உங்கள் அப்பா ரப்பர் தோட்டத்துக் குமாஸ்தாவாக மலேயாவுக்குப் போனபோது நீங்கள் தவழ்கிற குழந்தை. சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்ததோடு அவரிடமிருந்து சேதி வருவது நின்றுபோனது. இதைக்கூட உங்கள் அம்மாதான் எனக்குச் சொன்னார், நீங்கள் சொல்லவில்லை. எந்தக் கப்பல் எந்தத் தேதியில் மூழ்கியது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீர்கள். பெற்ற அப்பாவின் திதி தெரியாமல் வருஷா வருஷம் மகாளய அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் விட்டீர்கள். விட்டுவிட்டு நேரே மாடிக்குப் போய்விடுவீர்கள். அந்தச் சண்டை முழுவதிலும் நீங்கள் தேடியது ஒரே ஒரு தேதியை என்று எனக்குத் தெரியாதா? நானாகக் கேட்டால் பேச்சு பிலிப்பைன்ஸுக்குப் போய்விடும். கோபம் கோபமாக வரும். இப்போதும் வருகிறது.

காலையில் வேலையாட்கள் டேங்க்கை நகர்த்தியபோது நானும் மூட்டுவலியோடு மேலே ஏறினேன். அடியிலாவது ஏதாவது வரைந்திருப்பீர்கள் என்று ஒரு நப்பாசை. பாசியும் துருவும்தான் இருந்தன. கடையநல்லூர்க்காரர், அவர்தான் மேஸ்திரி, குனிந்து நின்ற என்னைப் பார்த்துவிட்டு, "யம்மா, இங்க ஒண்ணும் இல்லியே. என்னத்தத் தேடுதிய?" என்றார்.

அவரிடம் ஒரு துளி சிவப்புப் பெயிண்ட் கேட்டேன். எந்தத் தோட்டம், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. குத்துமதிப்பாக அந்த மூலையில் ஒரு புள்ளி வைத்தேன். அது காய்கிற வரை நின்றிருந்துவிட்டு, இனிப் பூசுங்கள் என்றேன்.

இப்போது மாடி முழுவதும் ஒரே வெள்ளை. எங்கே வேண்டுமானாலும் வடாம் விரிக்கலாம். ஆனாலும் பூச்சு காய்ந்ததும் போய்ப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கும்போது சைப்பானைச் சுற்றிக்கொண்டுதான் வந்தேன். டேங்க்கைப் பழைய மூலையில் வைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே பைப்பை நீட்டி, ஹவாய் இருந்த இடத்தில் தூக்கி வைத்துவிட்டார். ஒரு மணி நேர வேலைகூட இல்லை, ஏன்னா. அன்றைக்கே நகர்த்தியிருக்கலாம்.