பதினெட்டாம் தேதி வெயில்

சோபியா
பல்கேரியா
15 மார்ச் 1991

அன்புள்ள நெவ்சாத்துக்கு,

ஸ்டோய்மென் எழுதுகிறேன். உறையின்மேல் என் பெயரைப் போடவில்லை. போட்டிருந்தால் பிரிக்காமலே அடுப்பில் போட்டிருப்பாய். துருக்கிக்குப் போய், பூர்சாவில் உனக்கு நெசவாலை வேலை கிடைத்ததையும் உன் மனைவி முனெவெருக்கு முழங்கால் வலி என்பதையும் உன் மச்சான் சொல்லித் தெரிந்துகொண்டேன். இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

இங்கே ரொட்டிக்கும் வரிசை, தயிருக்கும் வரிசை. என் பதவி போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. துணை அமைச்சராக இருந்தபோது எழுந்து நின்றவர்கள், இப்போது வரிசையில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

போன வாரம் விசாரணைக் குழுவிலிருந்து இருவர் வந்தார்கள். 1985 ஜனவரியில் உங்கள் துருக்கிப் பெயர்களைப் பறித்துப் பல்கேரியப் பெயர் வைத்ததைப் பற்றிக் கேட்டார்கள். கட்சி மேலிடத்து உத்தரவு என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். உனக்கும் நான் சொன்ன பதில் அதுதானே.

அப்போது நான் மாவட்டக் கட்சிச் செயலாளர். ஊர் மன்றக் கூடத்தில் என் மேசைக்கு எதிரே தொப்பியைக் கழற்றாமல் நின்றாய். பெயர்ப் பட்டியலை உன் பக்கம் தள்ளி, "ஏதாவது ஒண்ண எடுத்துக்கோடா, என் கையில எதுவும் இல்ல" என்றேன். நீ அதைப் பார்க்கவே இல்லை. "வாத்தியார் மகன்னு எங்கம்மா உனக்கு ஊட்டி வளர்த்தாளே, நீயே வை" என்றாய். உனக்கு நைதென் என்று எழுதி முத்திரை குத்தினேன். உன் அப்பா ரெஜெப் மாமா அதற்குள் காட்டுக்குள் போய்விட்டார் என்பது நம் இருவருக்குமே தெரியாது.

என் கையில் இருந்தது, நெவ்சாத். உத்தரவு மேலிருந்து வந்தது உண்மை. ஆனால் மாவட்டத்தில் கடைசியாக இருந்த நம் ஊருக்குக் குறித்த நாள் பதினெட்டாம் தேதி. மற்ற மாவட்டங்களை முந்தி நாங்கள் முடித்துவிட்டோம் என்று சோபியாவுக்குத் தந்தி அடிக்க ஆசைப்பட்டேன். அதற்காகப் பதினைந்தாம் தேதிக்கு மாற்றியவன் நான். பனிப்புயல் வருகிறது என்று தெரிந்தே மாற்றினேன். காவல் அதிகாரியே தயங்கினார்: "தோழர், இந்தப் பனியில சனங்க காட்டுப் பக்கம் ஓடினா செத்துப் போவாங்க. ரெண்டு நாள் பொறுப்போமே." "பனியில எங்கய்யா ஓடுவாங்க? அதுதானே நமக்கு வசதி" என்றேன்.

ரெஜெப் மாமா ஓடினார். எழுபத்தொரு வயதில், வீட்டுச் செருப்போடு. அவர் உடலைக் காட்டிலிருந்து தூக்கி வந்த பதினெட்டாம் தேதி நல்ல வெயில்.

அந்த மார்ச்சில் என்னைச் சோபியாவுக்கு அழைத்தார்கள். முதலில் முடித்த மாவட்டம் என்று மேடையில் பாராட்டினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அந்தத் தந்தி வாங்கித் தந்த துணை அமைச்சர் நாற்காலியில் நான்கு வருடங்களுக்கு மேல் உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை விசாரணைக் குழுவிடம் நானே போனேன். என் மனைவி ரதோஸ்தா வாசலை மறித்தாள். "யாரும் கேக்காததை நீங்களா போய்ச் சொல்லணுமா? ஜெயில்ல உங்களுக்கு மாத்திரை யாரு எடுத்துக் கொடுப்பா?" என்று அழுதாள். தேதியை மாற்றியது, காவல் அதிகாரி சொன்னது, நான் சொன்னது எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை.

மறுநாளே பேருந்து ஏறி நம் ஊருக்குப் போனேன். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. உன் அப்பாவின் கல்லறையில் ஒரு மரப்பலகைதான் இருக்கிறது, அதிலும் எழுத்தில்லை. துருக்கிப் பெயரை எழுதவிடாமல் அன்று தடுத்தவர்கள் என் ஆட்கள்தான். கல்தச்சரிடம் ஒரு கல் செய்யச் சொன்னேன். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டார். "பெரியவரோட மகன் சொல்லாம ஒரு எழுத்துகூட வெட்ட மாட்டேன். நீங்க சொன்ன பேரையெல்லாம் நாங்க எழுதினது போதும்" என்றார். நியாயம்தான்.

எனக்கு நீ எதுவும் எழுத வேண்டாம். கல்தச்சருக்கு இரண்டு வரி போதும். அப்பாவின் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று சொல். கல் நடுகிற அன்று நான் ஓரமாக நிற்கலாமா, கூடாதா என்பதையும் அவருக்கே எழுதிவிடு.

இப்படிக்கு,
ஸ்டோய்மென்