சூரியன் குறுக்கே வந்த மதியம்

ஆல்மிரா, நெப்ராஸ்கா
12 செப்டம்பர் 1983

அன்புள்ள டெல்பர்ட்,

நலம். நீ நலம் என்பதைத்தான் தினமும் காதால் கேட்கிறேனே.

நம் வானொலி நிலையத்துக்குப் பின்னால், சோளக்காடு தொடங்கும் இடத்தில், பெரிய டிஷ் ஆன்டெனா ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். இருபத்திரண்டாயிரம் மைல் உயரத்திலிருக்கும் செயற்கைக்கோளை அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஒயரைச் செருகியதும் முதலில் வந்தது உன் குரல். பள்ளிக்கூட ஜிம்மில் நாம் ஆடிய பழைய பாட்டெல்லாம், நீ அறிவிக்க அறிவிக்க, டல்லஸிலிருந்து வானத்துக்கு ஏறி, இங்கே வந்து விழுகிறது.

நீ இங்கேயே உட்கார்ந்து பேசுவதுபோல, நம் ஊர்ப்பெயரைச் சொல்லிப் பதிவுசெய்து அனுப்பிய ஒலிநாடாவும் நடுநடுவே தானாக ஓடுகிறது. மளிகைக்கடை எட்னா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி லவோன், உன் புருஷன் வந்துட்டானாமே, ஒரு வார்த்தை சொல்லல?"

"அவன் டல்லஸ்லதான் இருக்கான், எட்னா."

"அப்போ அவனுக்குத் தொண்டை ரொம்ப நீளம்தான்."

விவாகரத்துத் தாளில் நவம்பரில் கையெழுத்துப் போடுவதாக வக்கீலிடம் சொல்லியிருக்கிறேன். நீ போய் இரண்டு வருஷம். ஊருக்கெல்லாம் பேசுகிறாய், எனக்கென்று சொல்ல ஒன்றும் இல்லையா?

லவோன்

டல்லஸ்
20 செப்டம்பர் 1983

அன்பு லவோன்,

இந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரே நேரத்தில் எழுபது ஊர் கேட்பதால் மழை என்று சொல்லக்கூடாது, மணி சொல்லக்கூடாது; ஊருக்கு ஊர் மாறுமே. எல்லா ஊர்ப்பெயர்களையும் ஒரே மூச்சில் பதிவுசெய்தபோது ஆல்மிரா வந்ததும் நின்றுவிட்டேன்.

"என்னப்பா, ஊர் பேர் படிக்க வரலையா?" என்றார் பொறியாளர்.

உனக்கென்று ஒரு வார்த்தை சொன்னாலும் அது எல்லார் வீட்டிலும் விழும். அதனால்தான் சொல்லவில்லை.

டெல்பர்ட்

ஆல்மிரா
7 அக்டோபர் 1983

அன்புள்ள டெல்பர்ட்,

நேற்று மதியம் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்தது. வருஷத்தில் இரு பருவத்தில் இப்படி ஆகி, சூரியனின் இரைச்சல் சில நிமிஷம் ஒலிபரப்பை அமுக்கிவிடுமாம். உங்கள் டல்லஸ் நிலையம் அனுப்பிய அட்டவணையில் எங்கள் ஊருக்கான நேரமும் இருந்தது. வெளியே போய்ப் பார்த்தேன். டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டியிருக்கும் நடுக்கொம்பின் நிழல் சரியாக அதன் மையத்தில் விழுந்தது. உள்ளே ஒலிபெருக்கியில் உன் குரல் கரைந்து, தகரக்கூரையில் மழை கொட்டுவதுபோல் ஓர் இரைச்சல் எழுந்தது. சூரியன் பேசுகிறது, டெல்பர்ட்.

முதலாளி ஜேபல் மைக்கை என் பக்கம் தள்ளினார். "எதையாச்சும் பேசும்மா, சும்மா இரையுது!"

விளம்பரம் எழுதுகிறவள் நான், என்ன பேசுவேன்? தானியக் கிடங்கில் எத்தனை லாரி நிற்கிறது, மேற்கே மேகம் எப்படியிருக்கிறது என்று சொன்னேன். உன் குரல் திரும்பி வந்த பிறகும், நான் பேசியதைக் கேட்டவர்களின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. இனி தினமும் மதியம் அரைமணி நேரம் என்னைப் பேசச் சொல்லிவிட்டார்.

லவோன்

டல்லஸ்
12 அக்டோபர் 1983

லவோன்,

அந்த அட்டவணையை நானும் பார்த்து வைத்திருந்தேன். உன் காதில் சூரியன் இரைந்த அந்த நேரத்தில், இங்கே பாட்டை நிறுத்திவிட்டு, "லவோன், நான் வீட்டுக்கு வரட்டுமா?" என்று கேட்டேன். ஜார்ஜியா கேட்டது, வயோமிங் கேட்டது. உன்னால் மட்டும் கேட்க முடியாது என்று தெரிந்ததால்தான் வாய் திறந்தேன்.

மேலாளர் கத்தித் தீர்த்தார். ஆனால் முகம் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் ஒரே கேள்வியாக வருகிறது: "அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?" இத்தனை பேர் உண்மையாகவே அந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்பதை இப்போதுதான் நம்புகிறேன். பயமாக இருக்கிறது.

அவர்களுக்கு என்ன சொல்ல?

டெல்பர்ட்

ஆல்மிரா
18 அக்டோபர் 1983

டெல்பர்ட்,

அவர்களுக்கு ஒன்றும் சொல்லாதே. உன் கேள்வி அவர்கள் காதில் விழுந்தது, என் காதில் விழவில்லை.

நீ கேட்ட அதே நேரத்தில்தான் நான் மேகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். நடுவில் சூரியன். உன் கடிதம் வந்த இந்த இரண்டு நாளாக வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

அடுத்த வாரச் சனிக்கிழமை மதியப் பேருந்தில் வா. அழைத்துப் போக வரமாட்டேன். என் நேரம் தொடங்கும் வேளை அது. நேராக நிலையத்துக்கு வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பேசுவதை முழுக்கக் கேள். முடிந்ததும் மைக்கை அணைத்துவிட்டு வெளியே வருவேன்.

அப்போது கேள்.

லவோன்