வெறுங்கோயிலில் கட்டிய தாலி

கொட்டாஞ்சேனை,
மாசி மாதம், புதன்கிழமை.

அன்பு மகள் ஸ்ரீலேகாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நல்ல சுகம், அதுபோல மெல்பேர்னில் நீயும் மருமகன் கிருஷ்ணராஜும் பேரன் அனுஜனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். அம்மா ஏன் போனில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறாள் என்று பயப்படாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. விஷயமே உன் அப்பாதான், அவரோ நாலு நாளாக நான் போகிற இடமெல்லாம் பின்னால் வந்து நிற்கிறார், பிறகு எப்படிப் போனில் கதைப்பது? மேல்வீட்டு லுத்பியா டீச்சர் தன் மகளைப் பார்க்க வெள்ளிக்கிழமை அங்கே வருகிறார், அவரிடம் கொடுத்துவிடுகிறேன். கூடவே மிளகாய்த்தூளும் இருக்கிறது, ஈரக்கரண்டி போட்டுக் கெடுத்துவிடாதே.

எங்கள் கல்யாணக் கதை உனக்குத் தெரியும், ஆனாலும் திரும்பச் சொல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது. ஹட்டனுக்கு அப்பால் கங்கவத்தை டவுனில் உன் தாத்தா முத்தப்பன் துணிக்கடை வைத்திருந்தபோதுதான் அணை கட்டப் போகிறார்கள், டவுன் முழுக்கத் தண்ணீருக்குள் போகப் போகிறது என்று ஆட்கள் அளக்க வந்தார்கள். தண்ணீர் எதுவரை ஏறும் என்று சுவர் சுவராகச் சிவப்புக் கோடு போடுகிற வேலை உன் அப்பாவுக்கு. தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளை, ஒல்லியாக இருப்பார், எங்கள் கடைச் சுவரில் சரியாக என் தலைக்கு மேலே ஒரு கோடு போட்டுவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஈரத்துணியால் அழித்துவிட்டேன். மறுநாள் வந்து திரும்பப் போட்டார், நான் திரும்ப அழித்தேன். ஆறாவது தரம் பெயின்ட் வாளியைக் கீழே வைத்துவிட்டு, நீங்க அழிச்சாலும் தண்ணி நிக்காதுங்க, ஆனா அழிச்சுக்கிட்டே இருங்க, நான் தெனமும் வரலாம்ல என்றார். அத்தோடு என் கதை முடிந்தது. தாத்தாவுக்குத் தெரிந்ததும் மூன்று நாள் என்னைப் பின்னறையில் போட்டுப் பூட்டினார். இந்தியாவுக்குப் போகப் பாஸ்போர்ட் எல்லாம் வந்திருந்தது, விடிந்தால் லொறி தலைமன்னாருக்குப் போகும், கப்பல் ஏறிவிட்டால் இவரை நான் காணவே போவதில்லை. எல்லாரும் முன்பக்கம் துணிக்கட்டு ஏற்றிக்கொண்டிருந்த நேரம் பார்த்து இவர் பின்னறைக் கதவின் பிணைச்சலையே கழற்றிவிட்டு, வா என்றார். போனேன். கதிரேசன் கோயிலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஐயரைக் காணவில்லை, சாமிக்கு முன்னால் நின்று இவரே மஞ்சள் கயிறு கட்டினார், அன்றைக்கே கொழும்புக்கு வந்துவிட்டோம்.

இனித்தான் நீ அறியாதது. இந்த ஐம்பத்தேழு வருஷத்தில் அப்பா ஒரு கோயிலுக்குள்ளும் காலடி வைக்கவில்லை, நீங்க போங்க நான் செருப்பப் பாத்துக்கிறேன் என்று வாசலிலேயே நின்றுவிடுவார். அப்பாவுக்குச் சாமியோடு கோபமா என்று நீகூடச் சின்ன வயதில் கேட்பாய். உன் கல்யாணத்தையும் மண்டபத்தில்தான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாரே, மறந்திருக்க மாட்டாய். இந்த முறை மலையில் மழையே இல்லை, தண்ணீர் வற்றிப் பழைய கதிரேசன் கோயில் வெளியே தெரிகிறது என்று பேப்பரில் படம் வந்தது. அதைப் பார்த்ததிலிருந்து மனுஷன் சாப்பிடவில்லை, போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று அவரே சொன்னார். சனிக்கிழமை போனோம். சேறு வெடித்துக் கிடக்கிறது, அதன் நடுவே சுண்டல்காரனும் படம் எடுக்கிற பிள்ளைகளுமாக ஒரே திருவிழா. மழுங்கிப்போன பழைய சிலைக்கு முன்னால் நின்று, இந்தச் சாமிதான் நமக்குச் சாட்சி என்று நான் சொன்னதுதான் தாமதம், அன்னிக்கு இதுக்குள்ள சாமி இல்ல கோமளா என்று இவர் அழத் தொடங்கிவிட்டார். அப்போது மேட்டில் கட்டிய புதுக்கோயிலுக்குப் புதுச்சிலை செய்திருந்தார்கள், பழையதிலிருந்த சக்தியைக் கும்பத்தில் இறக்கிக் கொண்டுபோனால் மிச்சம் வெறும் கல்தானே? வெள்ளிக்கிழமை கொண்டுபோவதாகத்தான் டவுனுக்குச் சொல்லியிருந்தார்கள். அவசரப்பட்டு, எங்கள் கல்யாணத்துக்கு முதல் நாள், நான் பூட்டிக் கிடந்த அந்தப் புதன்கிழமை காலையிலேயே கொண்டுபோய்விட்டார்களாம். கும்பத்தை ஜீப்பில் ஏற்றக் கைகொடுத்தவரே உன் அப்பாதான். எனக்குத் தெரியக்கூடாது என்று அந்த விளக்கையும் அவரே ஏற்றி வைத்திருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அந்தச் சேற்றிலேயே தள்ளிவிட்டிருப்பேன். ஆனால் அவர், நம்ம மூத்தது தங்காமப் போனப்பவும், எண்பத்திமூணு கலவரத்துல நம்ம கொழும்புக் கடை எரிஞ்சப்பவும், நான் செஞ்ச வேலைக்குத்தான் உனக்கு இந்தத் தண்டனைன்னு நெனச்சேன், எந்த மொகத்தோட கோயிலுக்குள்ள வருவேன் என்று கேட்டபோது அந்தக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை மகள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இவ்வளவு காலம் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாரே. முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, கையைப் பிடித்து நேரே புதுக்கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்குள்ள ஐயர் எல்லாம் கேட்டுச் சிரித்துவிட்டு, அதுக்கென்ன, அந்தச் சாமி இங்கதான இருக்காரு, பங்குனி உத்தரத்துக்கு வாங்க, முறையாக் கட்டிடலாம் என்றார். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் என் புதுச்செருப்பைக் காணவில்லை. பார்த்துக்கொள்கிற ஆள் முதல்முறையாக உள்ளே வந்துவிட்டாரே, அதனால் நான் மூச்சுக்கூட விடவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில், கோமளா, உனக்குச் சம்மதமா என்று கேட்டார். அன்றைக்கு வா என்றாரே தவிர, சம்மதமா என்று கேட்கவில்லை. எழுபத்தாறு வயதில் எனக்கு வெட்கம் வந்துவிட்டது, நீ சிரிக்காதே. வீட்டில் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அதுதான் நாலு நாளாகப் பின்னால் அலைகிறார். விளையாட்டுக்காகச் சொல்லவில்லை ஸ்ரீலேகா. அன்றைக்கு நான் வீட்டில் யாரையும் கேட்கவில்லை, உன் தாத்தா சாகும்வரை எனக்கு ஒரு வரி எழுதவில்லை. இந்த முறையாவது கேட்டுச் செய்ய ஆசையாக இருக்கிறது, கேட்பதற்கு எனக்கு இருக்கிற வீடு நீதான்.

கதிரேசன் உங்கள் மூவரையும் நோய் நொடியில்லாமல் வைத்திருக்கட்டும். லீவு கிடைத்தால் உத்தரத்துக்கு வந்துவிடு. கடிதம் கிடைத்ததும் எனக்கு எடுக்காதே, அப்பாவின் போனுக்கு எடு, பெண்வீட்டுக்காரி மாதிரி நாலு கேள்வி கேட்டு மனுஷனைக் கொஞ்சம் வேர்க்க வைத்துவிட்டு, பிறகு சம்மதம் என்று சொல்லு.

உன் அம்மா,
கல்யாணப் பெண் கோமளவல்லி.